பல்லைவிட வலுவான பொருள் பல்லுக்கு எதற்கு?

வேர் சிகிச்சை முடிந்து கேப் போட வேண்டிய கட்டம் வந்ததும் நோயாளியின் கையில் ஒரு விலைப்பட்டியலைக் கொடுப்பது நம் ஊர் கிளினிக்குகளில் வழக்கமாகிவிட்டது. அடியில் மெட்டல் கேப். அதற்கு மேலே மெட்டல்மீது செராமிக் ஏற்றியது. அதற்கும் மேலே ஜிர்கோனியா, அதிலேயே இரண்டு மூன்று ரகம். ஒவ்வொன்றுக்கும் நேரே வாரண்டி ஆண்டு எழுதியிருக்கும்: 5, 10, 15. மேலே போகப் போக விலை ஏறும், வாரண்டி ஏறும், வலிமை என்று போட்டிருக்கும் எண்ணும் ஏறும். "இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதா போட்டுடுங்க டாக்டர், திரும்பத் திரும்ப வந்து உக்கார முடியாது" என்பார் ஒருவர். கையில் காசு இல்லாத இன்னொருவர் பட்டியலை மடித்துக் கொடுத்துவிட்டு, "இப்போதைக்கு சாதாவே போதும்" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். இருவர் மனதிலும் இருப்பது ஒரே நம்பிக்கை. பொருள் எவ்வளவு வலுவோ, பல்லுக்கு அவ்வளவு நல்லது.

நோயாளிகள் மட்டும் இப்படி நினைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கித் தீர்த்துவிடலாம். லேப் விளம்பரமும் விற்பனைப் பிரதிநிதியும் மாநாட்டு அரங்கும் சொல்வது இதைத்தான். பல் மருத்துவர்களில் பெரும்பகுதியினர் இதை நம்பித்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது தவறான கருத்து. இதனால் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் பிடுங்கப்படுகின்றன என்பதால் சும்மா விட்டுவிடக்கூடிய கருத்தும் அன்று. வாய்க்குள் வைக்கும் எந்தப் பொருளும் ஒருநாள் தோற்கத்தான் போகிறது. தோற்கும்போது பல்லை மிச்சம் வைக்கிறதா, பல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறதா? பொருளின் தரத்தை இந்தக் கேள்வியில் தொடங்கித்தான் பேச வேண்டும்.

வாரண்டி அட்டையையே எடுத்துக்கொள்வோம். கேப் உடைந்தால் புதிது செய்து தருகிறோம் என்று அது சொல்லும். அடியில் இருக்கும் பல்லைப் பற்றி அதில் பேச்சே இருக்காது. அண்மையில் ஒருவருடைய கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுக்க வேண்டி வந்தது. மேலே போட்டிருந்த ஜிர்கோனியா கேப்பில் ஒரு கீறல் இல்லை. போட்ட அன்று இருந்த மினுமினுப்பு அப்படியே இருந்தது. கேப்பின் விளிம்பும் பல்லும் சேரும் இடத்தில் கூர்முனைக் கருவியை வைத்தேன். எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் பழுப்பேறி மெத்தென்று ஆகி, கருவியோடு சுருண்டு வந்தது. எடுத்த பல்லைத் தட்டில் போட்டபோது கேப் மட்டும் தனியாகக் கழன்று ணங்கென்று சத்தமிட்டது. அந்த அட்டையின் கணக்கில் இது வெற்றி, ஏனென்றால் பொருள் உடையவில்லை. வாரண்டியில் இன்னும் பல ஆண்டு பாக்கியும் இருந்தது. அவருக்கு அந்தப் பல் இனி இல்லை.

கேப்புக்கும் அடைப்புக்கும் அடியில் மறுபடி சொத்தை வருவது, பல் சிகிச்சை தோற்றுப்போவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்று என்று பல் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். சொத்தை விளிம்பில் தொடங்கும். கேப் எவ்வளவு சரியாகப் பொருந்தியிருக்கிறது, சிமெண்ட் எவ்வளவு கெட்டியாக ஒட்டியிருக்கிறது, நோயாளி அந்த இடத்தைத் துலக்க முடிகிறதா, இனிப்பு எத்தனை முறை உள்ளே போகிறது என்பதெல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. கேப்பின் வலிமை 400 மெகாபாஸ்கலா 1200 மெகாபாஸ்கலா என்பதைப் பாக்டீரியா கண்டுகொள்வதில்லை.

அந்த 1200 எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். பொருளைச் சிறு பட்டையாகவோ வட்டத் தகடாகவோ செய்து, மேற்பரப்பை மெருகேற்றி, ஆய்வகத்தில் தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் அழுத்தி, எந்த அழுத்தத்தில் முறிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது நல்ல சோதனைதான். வாயில் இருப்பது பட்டையோ தகடோ இல்லை. ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் தடித்த கிண்ணம் அது. பொருத்திப் பார்க்கும்போது உள்புறம் டைமண்ட் பர் என்னும் துளைமுனை பட்டுக் கீறியிருக்கும். இரவும் பகலும் எச்சிலில் நனைந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் செராமிக்கின் நுண்ணிய விரிசல்கள் மெல்ல மெல்ல வளரும், அதிலும் கண்ணாடித் தன்மை கூடிய செராமிக்குகளில் வேகமாக வளரும். ஒரே அழுத்தில் முறிவது வேறு, லட்சக்கணக்கான முறை மென்ற பிறகு முறிவது வேறு.

இன்னொன்றும் உண்டு, இதை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. ஜிர்கோனியா என்பது ஒரே பொருள் இல்லை. 1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கார்வி, ஹேனிங்க், பாஸ்கோ மூவரும் இதைப் பீங்கானில் ஓர் எஃகு என்று சொல்லத்தக்க பொருளாக நேச்சர் இதழில் முன்வைத்தார்கள். விரிசல் பாயும்போது அதன் முனையில் உள்ள படிகங்கள் தங்கள் அமைப்பை மாற்றிக்கொண்டு பருமனில் சற்று விரிகின்றன. அந்த விரிவு விரிசலின் வாயை இறுக்கி மூடுகிறது. அற்புதமான ஏற்பாடு. ஆனால் இந்த வித்தையைச் செய்வது இட்ரியா என்ற சேர்மம் குறைவாக, ஏறக்குறைய 3 மோல் சதவீதம், கலந்த ரகம். அது சுண்ணாம்பு வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். பல்லைப் போல ஒளி கசிய வேண்டும் என்று இட்ரியாவை 5 மோல் சதவீத அளவுக்குக் கூட்டினால் அழகு வரும், படிகங்கள் மாறி விரிசலை மூடும் அந்தக் குணம் பெரும்பாலும் போய்விடும். வலிமை ஏறத்தாழ பாதிக்கு இறங்கும். விளம்பரத்தில் முதல் ரகத்தின் எண்ணையும் இரண்டாவது ரகத்தின் அழகையும் சேர்த்துப் போட்டு ஒரே பெயரில் விற்கிறார்கள். முன்பல்லுக்கு அதிக விலை கொடுத்து உயர்ரகம் வாங்கியவர் பட்டியலில் கண்ட அந்த எண்ணை வாங்கவில்லை.

இதெல்லாம் எண்ணைப் பற்றிய சண்டை. எண் முழுக்க உண்மையாகவே இருந்தாலும் என் மறுப்பு நிற்கும், ஏனென்றால் கோளாறு அடிப்படையிலேயே இருக்கிறது.

பல் எப்படிப்பட்ட பொருள்? எனாமல் உடலிலேயே மிகக் கடினமான திசு. அழுத்தினால் தாங்கும், தனியே எடுத்து இழுத்துப் பார்த்தால் சாதாரண விசைக்கே உடைந்துவிடும். விளம்பரப் பட்டியலில் எனாமலைச் சேர்த்தால் கடைசி வரிசையில்தான் இடம் கிடைக்கும். அந்த எனாமல்தான் கரும்பையும் முறுக்கையும் ஆட்டெலும்பையும் 60, 70 ஆண்டுகள் கடிக்கிறது. வயதானவர் ஒருவருடைய முன்பல்லின் பின்னால் சிறு ஒளிவிளக்கைப் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் கோடுகள் வரிசையாகத் தெரியும். ஒன்றுகூட வலித்திருக்காது, ஒன்றுகூடப் பல்லைப் பிளந்திருக்காது. எனாமலில் ஓடிவரும் விரிசல் டென்டினோடு அது இணையும் எல்லையில் வந்து நின்றுவிடுகிறது. எனாமலின் விறைப்பு, பள்ளியில் யங் குணகம் என்று படித்தோமே அது, ஏறத்தாழ 80 ஜிகாபாஸ்கல். டென்டினுக்கு 15 முதல் 20 வரை. மேலே விறைப்பு, கீழே நெகிழ்வு, இரண்டும் ஒட்டிப் பிணைந்திருக்கும். வெளியே விரிசல் விடுவதைப் பொறுத்துக்கொண்டு உள்ளே பிளக்காமல் காப்பது இயற்கை பல்லுக்கு வகுத்த முறை. ஜிர்கோனியாவின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கலுக்கு மேல். டென்டினைப் போலப் பத்து மடங்கு.

விறைத்த பொருளை நெகிழும் பொருளுக்குள் செருகினால் என்ன ஆகும் என்பதை வேருக்குள் வைக்கும் போஸ்ட் எங்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வேர் சிகிச்சை செய்த பல் பலவீனமாக இருக்கிறது, உள்ளே ஓர் உலோகக் கம்பியை இறக்கினால் வலுப்படும் என்ற எண்ணத்தில் எத்தனை வேர்களைக் குடைந்திருக்கிறோம். போஸ்ட் வேரை வலுப்படுத்துவதில்லை. மேலே கட்டும் பகுதியைப் பிடித்து நிறுத்தத்தான் அது உதவும், அதற்காக வேரின் உட்சுவரைக் குடைந்து மெலியவும் வைக்கும். எஃகுப் போஸ்ட் வளையாது. கடிக்கும் விசை அதன் முனையில் போய்க் குவியும். ஒருநாள் வேர் நெடுக்காகப் பிளக்கும். அந்தப் பல்லைக் கையில் எடுத்தால் கம்பி நேராக, துரு இல்லாமல், வேரின் இரண்டு பாதிகளுக்கு நடுவே நிற்கும். நெடுக்காகப் பிளந்த வேருக்கு நம்மிடம் சிகிச்சை இல்லை, பிடுங்க வேண்டியதுதான். 1990களில் இழை போஸ்ட் பரவத் தொடங்கியது. முதலில் கார்பன் இழை, பிறகு கண்ணாடி இழை. விறைப்பில் டென்டினுக்கு அருகே வரும் பொருள் அது. அதுவும் தோற்கும், அடிக்கடியும் தோற்கும், சிமெண்ட் விட்டுக் கழன்று வரும். கழன்றதை மறுபடி ஒட்டலாம். வேர் இருக்கும்.

வீட்டு மின்பெட்டியில் ஃபியூஸ் கம்பியை வேண்டுமென்றே மெல்லியதாகப் போடுகிறோம். அடிக்கடி போகிறதே என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டால் ஃபியூஸ் போகாது, மோட்டார் எரியும். பல்லில் எது முதலில் போக வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும். மனிதன் செய்து வைத்தது முதலில் போகட்டும்.

இப்படிப் பார்த்தால் பட்டியலின் அடியில் கிடக்கும் பொருள்களின் மதிப்பு தெரிய வரும். அதில் முதன்மையானது கண்ணாடி அயனோமர் சிமெண்ட். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆலன் வில்சனும் பிரயன் கென்ட்டும் உருவாக்கியது. வளைவு வலிமையில் 50 மெகாபாஸ்கலை எட்டுவதே அதற்குச் சிரமம். விலை குறைவு. நோயாளிகள் "சாதா சிமெண்ட்" என்பார்கள், சில மருத்துவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தச் சாதா சிமெண்ட் செய்வதைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் எதுவும் செய்யாது. பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதிப் பிணைப்பில் தானாகவே ஒட்டும். சற்று ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சூட்டிலும் குளிரிலும் பல் எவ்வளவு விரிந்து சுருங்குமோ ஏறக்குறைய அவ்வளவே இதுவும் விரிந்து சுருங்கும். சுடச்சுடக் காபியும் பின்னாலேயே ஐஸ் தண்ணீரும் குடித்தாலும் விளிம்பில் இடைவெளி திறப்பது குறைவு. ஃபுளோரைடைக் கசியவிடும், பற்பசையிலிருந்து ஃபுளோரைடை மறுபடி வாங்கியும் வைத்துக்கொள்ளும்.

அதைக் கலப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இது எவ்வளவு நுட்பமான பொருள் என்று புரியும். தாள் அட்டையில் பொடியை இரண்டாகப் பிரித்து, பக்கத்தில் திரவத்தைச் சொட்டுவார்கள். முதல் பாதியைச் சேர்த்து மடித்து மடித்துக் கலந்து, மீதியையும் சேர்த்து, அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கலவையின் மேல் ஈரப் பளபளப்பு இருக்கும். அந்தப் பளபளப்பு இருக்கும்போதே பல்லுக்குள் போய்விட வேண்டும். பல்லோடு பிணைய வேண்டிய அமிலக் கூறுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். பளபளப்பு மங்கிவிட்டால் அந்தக் கலவையை வீசிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். மங்கியதை வைத்தாலும் கல்லாய் இறுகும், பல்லோடு ஒட்டாது. "சிமெண்ட் அடைச்சேன், மூணு மாசத்துல விழுந்துடுச்சு" என்ற புகாரில் பெரும்பங்கு இந்த அரை நிமிடத்தில் நடந்த அலட்சியம். பழி பொருள்மேல் விழுகிறது, அடுத்த தடவை நோயாளி இருப்பதிலேயே வலுவானதைக் கேட்கிறார்.

1980களின் நடுவில் தான்சானியாவில் மின்சாரமும் டிரில்லும் இல்லாத ஊர்களில் கைக்கருவிகளால் மெத்தென்ற சொத்தையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் பொருளை அடைக்கும் முறை வளர்ந்தது. பிற்காலத்தில் அதற்கு ஏற்ற பொருளாக நிலைத்தது கண்ணாடி அயனோமர். அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் பல்லுக்கானவற்றைச் சேர்த்தபோது இந்தச் சிமெண்டுக்கும் அதில் இடம் கொடுத்தது. ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் குழந்தைகளின் கடைவாய்ப் பால்பற்களில் சொத்தையைத் தோண்டாமலே, ஊசி போடாமலே, மெல்லிய எஃகு மூடியில் இதே சிமெண்டை நிரப்பி அழுத்தி மூடிவந்தார். பின்னர் டண்டியில் ஆய்வுக்கு உட்படுத்தியபோது வழக்கமான அடைப்புகளைவிட அது நன்றாகவே நின்றது. உணவு கிடைக்காமல் அடைபட்ட பாக்டீரியா முடங்கிப்போனது, அவ்வளவுதான். விரலால் அழுத்தினாலே வளையும் மூடி அது. காரியத்தைச் செய்தது இறுக்கமான அடைப்பு.

பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் ரெசினுக்கும் பட்டியலில் நடுத்தர இடம்தான். 1955இல் அமெரிக்காவில் மைக்கேல் புவனோகோர், பெயிண்ட் பூசுவதற்கு முன் உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்தும் தொழிற்சாலை வழக்கத்தை எனாமலில் முயன்று பார்த்தார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்தன, ரெசின் அவற்றுக்குள் இறங்கிப் பற்றிக்கொண்டது. ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற ரெசினும் வந்து சேர்ந்தபோது பல் மருத்துவத்தின் நெடுநாளைய வழி மாறியது. அதுவரை பொருள் விழாமல் நிற்க வேண்டும் என்பதற்காக நல்ல பல்லையும் வெட்டிக் குழியைப் பெட்டி வடிவாக்க வேண்டியிருந்தது. ஒட்டும் பொருள் வந்த பிறகு கெட்டதை மட்டும் எடுத்தால் போதும் என்றானது. காம்போசிட்டுக்குக் குறைகள் உண்டு. இறுகும்போது 2 முதல் 3 சதவீதம் சுருங்கும், அதனால் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து வைத்து ஒளியில் இறுக்க வேண்டும். ஒட்டும் நேரத்தில் எச்சில் ஒரு துளி பட்டாலும் பிடிப்பு கெடும். சூட்டில் பல்லைப் போலச் சில மடங்கு விரியும். தேய்மானமும் உண்டு. ஆனால் அது உடைந்தால் உடைந்த இடத்தைச் சற்றுச் சொரசொரப்பாக்கி அதன்மேலேயே புதிதாக வைத்துக்கொள்ளலாம். பழுது பார்க்க முடியும் என்ற குணத்துக்கு எந்தப் பட்டியலிலும் எண் கிடையாது. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை சிறிது சரிசெய்துகொண்டே ஒருவர் சாகும்வரை அந்தப் பல்லை வைத்திருக்க முடியும் என்றால் அதைவிட நல்ல பொருள் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜிர்கோனியாவில் இந்த வசதி இல்லை. கண்ணாடிப் பகுதி இல்லாத செராமிக் என்பதால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதில் பிடிப்புக்கு வேண்டிய குழிகளை உண்டாக்காது. அலுமினாப் பொடியைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி, அதற்கென்றே உள்ள பாஸ்பேட் மோனோமர் கலந்த சிமெண்டால் ஒட்ட வேண்டும். லேப்பிலிருந்து வந்த கேப்பைப் பொருத்திப் பார்க்கும்போது உள்ளே எச்சில் பட்டுவிடும், அதை முறையாக நீக்காமல் ஒட்டினால் அந்தச் சிமெண்டும் பயன் தராது. எத்தனை கிளினிக்குகளில் இவ்வளவும் நடக்கிறது? வேர் சிகிச்சை மறுபடி செய்ய வேண்டி வந்தால் அந்தக் கேப்பைத் துளைப்பதற்குள் டைமண்ட் பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேய்ந்துபோகும், தீப்பொறி பறக்கும், தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் அடியில் இருக்கும் பல் சூடேறும். கழற்றவே முடியாதபடி வலுவாக இருப்பது ஒரு சிகிச்சைப் பொருளுக்குச் சிறப்பா?

தங்கத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும். 1907இல் வில்லியம் டேகார்ட் மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்துக்கு எடுத்துக் கொடுத்த பிறகு தங்கக் கலவைகள் நெடுங்காலம் உயர்ந்த பொருளாக இருந்தன. நகை செய்யும் தங்கத்தைப் போலவே அவை மென்மையானவை. விளிம்பைக் கருவியால் தேய்த்தே பல்லோடு படிய வைக்கலாம். எதிர்ப்பல்லைத் தேய்க்காது, எனாமலோடு ஒத்துத் தேயும். விறைப்பும் எனாமலுக்குப் பக்கத்தில். முப்பது, நாற்பது ஆண்டுகள் வாயில் இருந்த தங்க அடைப்புகளைப் பழைய மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். நிறத்தாலும் விலையாலும் தங்கம் வாயிலிருந்து போனது. பலவீனத்தால் போகவில்லை.

என் பக்கம் நிற்பவர்களில் சிலர் சொல்லும் ஒரு வாதத்தை நான் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜிர்கோனியா மிகக் கடினமானது, அதனால் எதிர்ப்பல்லை அரம் போல அரைத்துத் தின்றுவிடும் என்கிறார்கள். நன்றாக மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தேய்ப்பது பழைய பீங்கானைவிடக் குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தேய்ப்பது சொரசொரப்பு. கடி உயரமாக இருக்கிறது என்று நோயாளி சொன்னதும் மருத்துவர் டைமண்ட் பரால் ஓர் இடத்தைத் தேய்த்துவிட்டு, மெருகு ஏற்றாமல் அனுப்பிவிடுகிறார். அரைப்பது அந்த இடம்தான். கடினத்தை வைத்துப் புகழ்வது எவ்வளவு தவறோ, கடினத்தை வைத்துத் தூற்றுவதும் அவ்வளவு தவறு.

வலுவான பொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் நியாயமான ஒன்றும் இருக்கிறது, அதற்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இருக்கிறார்கள். மெட்டல்மேல் ஏற்றிய பீங்கான் அவர்களிடம் சில்லுச் சில்லாகப் பெயரும். ஜிர்கோனியாமேல் பீங்கான் ஏற்றிய முதல் தலைமுறைக் கேப்களிலும் அதே கதை நடந்தது. முழுக்க ஜிர்கோனியாவாலேயே செய்த கேப் அந்தத் தொல்லையைத் தீர்த்தது உண்மை. மேலும் கீழும் இடமே இல்லாத கடைவாய்ப்பல்லில் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் நிற்கக்கூடிய பொருள் வேறு அதிகம் இல்லை. நான் அங்கே ஜிர்கோனியாதான் போடுகிறேன், தயங்காமல் போடுகிறேன்.

ஆனால் அந்த நியாயம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பொருள் வலுவாக இருப்பதால் அதை மெலிதாகச் செய்யலாம், மெலிதாகச் செய்யலாம் என்பதால் பல்லைக் குறைவாகச் சீவலாம். வலிமைக்கு வாயில் இதைவிட நல்ல பயன் கிடையாது. முழுக் கேப்புக்காகச் சீவும்போது ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? மெட்டல் செராமிக்குக்குச் சீவிய அதே ஆழத்துக்கு ஜிர்கோனியாவுக்கும் சீவுகிறார்கள், லேப் கேட்கிறது, அழகாக வரும் என்கிறார்கள். பொருளின் வலிமை முழுக்க விலைப்பட்டியலுக்குப் போகிறது, பல்லுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வந்து சேருவதில்லை. சில சமயம் ஒரு முகடை மட்டும் மூடினால் போதும் என்ற பல்லுக்கும் முழுக் கேப், அதற்குத்தானே வாரண்டி இருக்கிறது.

வேர் சிகிச்சை செய்த பல் எத்தனை நாள் நிற்கும் என்பதை ஓரளவு சொல்லக்கூடிய அளவு ஒன்று உண்டு. கேப்பின் விளிம்புக்கு மேலே, சுற்றிலும், நல்ல பல்சுவர் எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது என்பதே அது. ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் கேப் பல்லை இறுக்கிப் பிடிக்கும், வேர் பிளக்கும் அபாயம் குறையும். அந்தச் சுவர் இல்லாத பல்லின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த கேப்பை வைத்தாலும் அது போஸ்ட்டோடு சேர்ந்து ஆடத் தொடங்கும். பிழைக்குமா என்பதைச் சொல்லும் இந்த 2 மில்லிமீட்டரைப் பற்றி நோயாளியிடம் யாரும் பேசுவதில்லை. 1200 மெகாபாஸ்கல் அவருக்கு மனப்பாடமாகத் தெரிகிறது.

எனக்கு மிகவும் ஆத்திரம் வரும் இடம் இதுதான். அரசு மருத்துவமனையில் கண்ணாடி அயனோமர் அடைத்துக்கொண்டு வரும் பெண், காசில்லாததால் பிள்ளைக்கு மட்டமான மருந்து வைக்க நேர்ந்தது என்று கூனிக் குறுகுகிறாள். ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல்லில், அழுகிற பிள்ளையின் ஈரமான வாயில், அதைவிடப் பொருத்தமான பொருள் அந்த நேரத்துக்கு இல்லை. வாங்கியது மட்டமானதென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? இன்னொரு பக்கம், நகையை அடகு வைத்து உயர்ரகக் கேப் போட்டுக்கொண்டவர் இனி இந்தப் பல்லுக்கு ஒன்றும் வராது என்று விளிம்பைத் துலக்குவதையே விட்டுவிடுகிறார். வலுவானது என்ற பேச்சு முதலாமவளிடம் வெட்கத்தையும் இரண்டாமவரிடம் அலட்சியத்தையும் விதைக்கிறது. இரண்டுக்கும் விலை கொடுப்பது பல்.

கேப் போட ஒப்புக்கொள்ளும் முன் நோயாளி கேட்க வேண்டியதை வெளிப்படையாகச் சொல்கிறேன். சீவிய பிறகு சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் நல்ல பல் மிச்சமிருக்கும்? முழுக் கேப் கட்டாயமா, மேல்பகுதியை மட்டும் மூடினால் போதாதா? ஜிர்கோனியா என்றால் எந்த ரகம், எவ்வளவு தடிமன்? எந்தச் சிமெண்டால் ஒட்டப்போகிறீர்கள்? நாளைக்கு வேர் சிகிச்சை மறுபடி தேவைப்பட்டால் எப்படித் திறப்பீர்கள்? பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பல்லைச் சீவுவதற்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், எந்த மருத்துவரும் மறுக்கக் காரணம் இல்லை. லேப்களிடமும் கிளினிக்குகளிடமும் நான் கேட்பது, அட்டையில் பொருளின் பெயருக்கும் வாரண்டி ஆண்டுக்கும் கீழே இன்னும் இரண்டு வரி. மிச்சமிருந்த பல்லின் உயரம் இத்தனை மில்லிமீட்டர், கேப்பின் விளிம்பை மறுபடி பார்க்க வேண்டிய தேதி இது.